தண்ணீருக்கு யானைப் பலம் கொடுத்த தச்சர்

மண் ஏற்றி வந்த லாரி நிற்கிறது. டிரைவர் ஒரு கைப்பிடியை இழுக்கிறார். லாரியின் முதுகு மெல்ல மேலே எழும்புகிறது. பல டன் மண்ணும் சரிந்து கீழே கொட்டுகிறது. பல ஆட்கள் மண்வெட்டி பிடித்துச் செய்ய வேண்டிய வேலை, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்து விடுகிறது!

லாரியின் அடியில் குனிந்து பார்த்தால் பளபளப்பான இரும்புத் தண்டு ஒன்று தெரியும். மண்ணைத் தூக்கியது அதுதான். சரி, அந்தத் தண்டைத் தூக்கியது எது? சங்கிலியா? பல்சக்கரமா? இரண்டும் இல்லை. குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும் எண்ணெய்!

இந்த வித்தையை முதன் முதலில் எந்திரமாகச் செய்து காட்டியவர் ஒரு தச்சர். கால் ஊனப்பட்டதால் ஏர் பிடிக்க முடியாமல் போன விவசாயி மகன். அவர் பெயர் ஜோசப் பிராமா.

ஏர் போய் உளி வந்தது

இங்கிலாந்தின் வட பகுதியில் யார்க்ஷயர் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே பார்ன்ஸ்லி நகருக்குப் பக்கத்தில் ஸ்டெயின்பரோ என்னும் சிற்றூர். 1748-ம் ஆண்டு அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிராமா பிறந்தார்.

தந்தைக்கு உதவியாக வயல் வேலை செய்து வந்தார். சுமார் 16 வயதில் காலில் பலத்த அடிபட்டது. இனிமேல் வயலில் உழைக்க முடியாது என்று ஆகி விட்டது.

பையனை என்ன செய்வது? ஊரில் இருந்த தச்சர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். கால் ஓடாவிட்டாலும் கை நன்றாக ஓடியது. தச்சு வேலையை நுணுக்கமாகக் கற்றுக் கொண்டார்.

தொழில் பழகி முடிந்ததும் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் புறப்பட்டார். அவ்வளவு தூரத்தையும் நடந்தே கடந்தார் என்று சொல்வார்கள்.

லண்டனில் மேசை, அலமாரி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. பணக்காரர்களின் வீடுகளில் தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறைகளைப் பொருத்துவதும் அந்தப் பட்டறையின் வேலை. குளிர் காலம் வந்தால் அவற்றில் இருந்த அடைப்பு மூடி பனியில் உறைந்து ஒட்டிக் கொள்ளும். பிராமா அதைப் பார்த்தார். சறுக்கிச் செல்லும் மூடிக்குப் பதிலாக, கீல் வைத்துத் திறந்து மூடும் மூடி வந்தது. தொல்லை தீர்ந்தது. 1778-ம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். சொந்தப் பட்டறையும் வைத்தார்.

திறக்க முடியாத பூட்டு

1784-ம் ஆண்டு அவர் ஒரு புது மாதிரிப் பூட்டு செய்தார். அதன் உள்ளே பல தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சாவி ஒவ்வோர் ஆழத்துக்குத் தள்ள வேண்டும். ஒரு தகடு ஒரு மயிரிழை தவறினாலும் பூட்டு திறக்காது.

தம் பூட்டின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! 1790-ம் ஆண்டு வாக்கில், லண்டன் பிக்காடிலி தெருவில் இருந்த தம் கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒரு பூட்டை வைத்தார். கள்ளக் கருவி செய்து இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அதன் பக்கத்தில் எழுதி வைத்தார். கினி என்பது அந்தக் காலத்துத் தங்க நாணயம். 200 கினி அன்று பெரும் தொகை.

பிராமாவின் ஆயுள் காலம் முழுவதும் அந்தப் பூட்டை யாராலும் திறக்க முடியவில்லை. 1851-ம் ஆண்டு லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்காக வந்திருந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர்தான் கடைசியில் திறந்தார். 16 நாட்களில் 50 மணி நேரத்துக்கு மேல் பாடுபட்டு அதைத் திறந்தார்!

இந்தப் பூட்டு பிராமாவுக்கு வேறொரு தலைவலியைக் கொடுத்தது. ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் கையாலேயே ராவிச் செய்தால் காலமும் பிடிக்கும், விலையும் ஏறும். ஆகவே பாகங்களை அளவு பிசகாமல் செய்யும் எந்திரங்கள் தேவைப்பட்டன. அவற்றைச் செய்யக் கைதேர்ந்த ஆள் வேண்டும்.

தேடியபோது ஒரு பெயர் காதில் விழுந்தது. ஹென்றி மாட்ஸ்லே. ஊல்விச் ஆயுதச் சாலையில் 12 வயதிலிருந்தே வேலை பார்த்தவர். பிராமாவிடம் வந்தபோது வயது 18 தான். இவ்வளவு சிறியவரா என்று பிராமாவே முதலில் தயங்கினாராம். வேலையைப் பார்த்த பிறகு தயக்கம் போய் விட்டது. சில ஆண்டுகளுக்குள் மாட்ஸ்லே பட்டறைக்கே மேஸ்திரி ஆகி விட்டார்.

பாஸ்கல் சொன்ன இரகசியம்

பிராமாவின் கவனம் அடுத்துத் தண்ணீரின் பக்கம் திரும்பியது.

அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பிரான்ஸ் நாட்டில் பிளேஸ் பாஸ்கல் என்ற அறிஞர் ஓர் உண்மையைக் கண்டிருந்தார். மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் தண்ணீரை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பதே அந்த உண்மை. பாஸ்கல் 1662-ம் ஆண்டு, 39 வயதில் இறந்தார். மறு ஆண்டு அவருடைய நூல் வெளிவந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பார்ப்போம்.

இரண்டு குழாய்கள். ஒன்று சிறியது, மற்றொன்று பெரியது. இரண்டையும் அடியில் இணைத்துத் தண்ணீர் நிரப்புகிறோம். ஒவ்வொன்றின் வாயிலும் இறுகப் பொருந்தும் ஒரு கட்டையை வைக்கிறோம். இந்தக் கட்டைக்குப் பிஸ்டன் என்று பெயர்.

சிறிய பிஸ்டனின் அடிப்பாகம் ஒரு காசு அளவு என்று வைத்துக் கொள்வோம். பெரிய பிஸ்டனின் அடியில் அதே போல் 100 காசுகளுக்கு உரிய இடம் இருக்கிறது. சிறிய பிஸ்டனை 10 கிலோ பலத்தோடு அழுத்துகிறோம். தண்ணீர் அந்த அழுத்தத்தைப் பெரிய குழாய்க்குக் கொண்டு போகிறது. அங்கே ஒவ்வொரு காசு அளவு இடத்தையும் 10 கிலோ பலத்தோடு மேலே தள்ளுகிறது. 100 இடங்கள் அல்லவா? மொத்தம் 1,000 கிலோ!

ஒரு கையால் அழுத்தினால் ஒரு டன் பாரம் எழும்புகிறது.

ஆனால் இயற்கை எதையும் இனாமாகக் கொடுப்பதில்லை. சிறிய பிஸ்டன் 100 அங்குலம் இறங்கினால்தான் பெரிய பிஸ்டன் 1 அங்குலம் ஏறும். பலம் கூடுகிறது, தூரம் குறைகிறது. இதுதான் கணக்கு.

அதனால்தான் திரும்பத் திரும்பக் கைப்பிடியை அடிக்கும்படி பம்பு வைக்கிறார்கள். தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒரு வால்வு. பெரிய குழாய்க்குப் போகும் தண்ணீருக்கு இன்னொரு வால்வு. வால்வு என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. உள்ளே போன தண்ணீர் திரும்பி வர முடியாது. ஒவ்வோர் அடிக்கும் பெரிய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

ஒரு துண்டுத் தோல்

கணக்கு இவ்வளவு சுலபம். பிறகு ஏன் பாஸ்கல் நூல் வெளிவந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த எந்திரம் பிறக்கவில்லை?

காரணம் ஒழுக்கு. அழுத்தம் ஏற ஏற, பிஸ்டனுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில் தண்ணீர் பீறிட்டு வெளியே வந்து விடும். தண்ணீர் வெளியேறினால் பலமும் வெளியேறி விடும்.

பிராமாவும் இதே சங்கடத்தில் மாட்டிக் கொண்டார். சந்தில் நாரைத் திணித்து இறுக்கிப் பார்த்தார். தண்ணீர் நிற்கும் அளவுக்கு இறுக்கினால், பிஸ்டனும் சிக்கிக் கொண்டது. மேலே ஏறியது கீழே இறங்க மறுத்தது. இறங்கும் அளவுக்குத் தளர்த்தினால், தண்ணீர் ஒழுகியது.

அப்போது கை கொடுத்தவர் மாட்ஸ்லே. தோலைக் கிண்ணம் போல் வளைத்து, பிஸ்டனைச் சுற்றி வளையமாகப் பொருத்தினார். கிண்ணத்தின் வாய் தண்ணீரைப் பார்த்து இருக்கும்.

தண்ணீரின் அழுத்தம் ஏறியது. அந்த அழுத்தமே தோலின் இரண்டு ஓரங்களையும் விரித்தது. ஓர் ஓரம் பிஸ்டனோடு ஒட்டியது. மற்றது சுவரோடு ஒட்டியது. அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு இறுக்கமாக ஒட்டியது. அழுத்தத்தை எடுத்து விட்டதும் தோல் தானாகவே தளர்ந்தது. பிஸ்டன் சுகமாகக் கீழே இறங்கியது. திருட வந்தவனையே காவலுக்கு வைத்தது போல, ஒழுக வந்த தண்ணீரையே ஒழுக்கை அடைக்க வைத்து விட்டார்!

சைக்கிள் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதன் தண்டின் நுனியில் இருக்கும் தோல் வாஷரும் இப்படித்தான் கிண்ணம் போல் இருக்கும். அழுத்தும்போது விரிந்து சுவரோடு ஒட்டும். இழுக்கும்போது தளரும்.

1795-ம் ஆண்டு பிராமா தம் நீர் அழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிராமா பிரஸ் என்றே அதற்குப் பெயர் நிலைத்து விட்டது.

30 ஷில்லிங்

காப்புரிமை பிராமாவின் பெயரில். எந்திரமும் பிராமாவின் பெயரில். அதை ஓட வைத்த மேஸ்திரிக்கு என்ன கிடைத்தது?

மாட்ஸ்லேயின் சம்பளம் வாரத்துக்கு 30 ஷில்லிங். மனைவி, குழந்தைகள் என்று குடும்பம் பெருகி விட்டது. 1797-ம் ஆண்டு அவர் முதலாளியிடம் போய்ச் சம்பளத்தைக் கூட்டித் தரும்படி கேட்டார். பிராமா ஒரேயடியாக மறுத்து விட்டார்.

மாட்ஸ்லே மறு பேச்சுப் பேசவில்லை. வேலையை விட்டு விலகி, தனியாக ஒரு சிறு பட்டறை போட்டார்.

பிறகு நடந்ததை உலகம் அறியும். திருகாணிகளை அச்சுப் பிசகாமல் வெட்டும் கடைசல் எந்திரத்தை அவர் செய்தார். கடற்படைக் கப்பல்களுக்குக் கப்பி செய்யும் எந்திரங்களையும் செய்து கொடுத்தார். அவரிடம் தொழில் பழகிய பலர் இங்கிலாந்தின் தலைசிறந்த எந்திர நிபுணர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் நாஸ்மித், அந்தத் தோல் வளையத்தின் பெருமை மாட்ஸ்லேக்கே உரியது என்று பிற்காலத்தில் சாட்சி சொன்னார்.

வாரத்துக்குச் சில ஷில்லிங்குகளைப் பிராமா மிச்சம் பிடித்தார். பொன் போன்ற மேஸ்திரியை இழந்தார்.

காட்டில் பிடித்த சளி

பிராமா சும்மா இருக்கும் மனிதர் அல்ல. பீர் இறைக்கும் பம்பு, மரம் இழைக்கும் எந்திரம் என்று புதிது புதிதாகச் செய்தார். இங்கிலாந்து பாங்கியின் நோட்டுகளில் வரிசை எண் அச்சடிக்கும் எந்திரத்தை 1806-ம் ஆண்டு செய்து கொடுத்தார். அதற்கு முன் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டிலும் கையால் எண் எழுதி வந்தார்கள்.

1814-ம் ஆண்டு, ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஹோல்ட் காட்டில் பெரிய மரங்களை வேரோடு பிடுங்கும் வேலை வந்தது. பிராமா தம் நீர் அழுத்த எந்திரத்தைக் கொண்டு போனார். தாமே நின்று மேற்பார்வை பார்த்தார். 300-க்கும் மேற்பட்ட பெருமரங்கள் வேரோடு வெளியே வந்தன.

மரங்களை எந்திரம் வென்றது. காட்டின் குளிர் பிராமாவை வென்றது. கடும் சளி பிடித்து, நிமோனியா ஜுரமாக மாறியது. 1814 டிசம்பர் 9-ந் தேதி, 66 வயதில் அவர் காலமானார்.

தொங்கிய பாலம்

அவர் இறந்த 35 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய எந்திரத்துக்கு ஒரு பெரும் சோதனை வந்தது.

வேல்ஸ் பகுதியில் மெனாய் என்ற கடல் கால்வாய் உண்டு. அதன் மேல் ராபர்ட் ஸ்டீபன்சன் ரெயில் பாலம் கட்டினார். ரெயில் உள்ளே ஓடும் அளவுக்குப் பெரிய இரும்புக் கூடுகள். ஒவ்வொரு பெரிய கூடும் ஆயிரம் டன்னுக்கு மேல் எடை! நீர் அழுத்த எந்திரம் அவற்றைப் படிப்படியாக மேலே தூக்கியது.

கூடு ஏற ஏற அதன் அடியில் முட்டுக் கொடுத்துக் கட்டிக் கொண்டே வர வேண்டும் என்று ஸ்டீபன்சன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 1849 ஆகஸ்டு மாதம் ஒரு நாள், எந்திரத்தின் குழாய் அடியில் வெடித்தது. கூடு சரிந்தது. ஆனால் கீழே முட்டு இருந்ததால் சில அங்குலத்தோடு நின்றது. முட்டு இல்லாதிருந்தால் பாலமே கடலுக்குள் போயிருக்கும்.

இன்றும் இது நினைவில் வைக்க வேண்டிய பாடம். ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில், முட்டுக் கொடுக்காமல் யாரும் நுழையக் கூடாது. உள்ளே ஒரு வாஷர் கிழிந்தால் போதும், பாரம் முழுவதும் இறங்கி விடும்.

இப்போது தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய் ஊற்றுகிறார்கள். எண்ணெய் துருப் பிடிக்க விடாது, வழவழப்பாகவும் இருக்கும். தோலுக்குப் பதிலாக ரப்பர் வந்து விட்டது. கார் பிரேக், மண் வெட்டும் எந்திரம், ஆகாய விமானத்தின் சக்கரம் என்று எங்கும் இந்த முறையே வேலை செய்கிறது.

பாஸ்கல் கணக்கைச் சொன்னார். பிராமா எந்திரத்தைச் செய்தார். மாட்ஸ்லே ஒழுக்கை அடைத்தார். மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் லாரியின் முதுகு இன்று எழும்பாது. அந்த மூவரில் சம்பளத்துக்காகக் கை நீட்டி, இல்லை என்ற பதிலோடு திரும்பியவரின் வேலைதான் இன்றும் ஒவ்வொரு குழாய்க்குள்ளும், யார் கண்ணிலும் படாமல், ஒரு வளையமாக உட்கார்ந்திருக்கிறது.