ஆட்டுக் கிடா டாக்டர்

வெள்ளாட்டுக் கிடாவின் விதையை அறுத்து எடுத்து மனிதனுக்குள் வைத்துத் தைத்தால், இழந்த ஆண்மை திரும்பி வரும் என்று சொல்லி ஒரு மனிதர் கோடீசுவரர் ஆனார். இது நடந்தது புராண காலத்தில் அல்ல. ரேடியோவும் மோட்டாரும் வந்துவிட்ட அமெரிக்காவில்!

அவர் பெயர் ஜான் பிரிங்க்ளி. மாகாண கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டு, மயிரிழையில் அதைத் தவறவிட்டவரும் அவரே.

வட கரோலினா மாகாணத்தின் மலைப் பகுதியில் பீட்டா என்று ஒரு சிறு ஊர். அங்கே 1885-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி பிரிங்க்ளி பிறந்தார். தகப்பனார் மலை ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பிரிங்க்ளி சிறு வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். வறுமையில் வளர்ந்து, தந்தி அடிக்கும் வேலையில் சேர்ந்தார்.

1907-ல் சாலி என்ற பெண்ணை மணந்தார். புது மனைவியுடன் ஊர் ஊராகச் சென்று, ஆடிப் பாடிக் கூட்டம் சேர்த்து மருந்து விற்றார். அசல் லேகிய வியாபாரம்தான்! பிறகு சிகாகோவில் ஒரு வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு முடியவில்லை. சம்பளம் கட்டப் பணம் இல்லை.

1913-ல் தென் கரோலினாவில் கிரீன்வில் என்ற ஊரில், ஒரு கூட்டாளியுடன் கடை திறந்தார். ஆண்மை குறைந்தவர்களுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த மின்சார மருந்து என்று சொல்லி ஊசி போட்டார்கள். ஊசி ஒன்றுக்கு 25 டாலர். உள்ளே இருந்தது சாயம் கலந்த தண்ணீர். கடன்காரர்கள் கதவைத் தட்டும் முன் இருவரும் ஊரை விட்டு ஓடினார்கள். மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போன பிரிங்க்ளி, அங்கே மின்னி என்ற பெண்ணை மணந்தார். முதல் தாரத்துடன் விவாகரத்து இன்னும் ஆகவில்லை! கொஞ்ச நாளில் போலீசார் அவரைப் பிடித்து, கிரீன்வில் சிறையில் அடைத்தார்கள்.

வெளியே வந்தவர் 1915-ல் கான்சாஸ் சிட்டியில், பணம் கொடுத்தால் பட்டம் கொடுக்கும் ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டார். அதை வைத்துச் சில மாகாணங்களில் தொழில் நடத்த லைசென்சும் கிடைத்தது.

கிடாவும் குடியானவனும்

1917-ல் கான்சாஸ் மாகாணத்தில் மில்ஃபோர்டு என்ற குக்கிராமத்தில் குடியேறினார். மறு வருஷமே விஷ ஜுரம் உலகத்தை உலுக்கியது. அப்போது பிரிங்க்ளி இரவு பகல் பாராமல் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்தார். அதில் வஞ்சகம் இல்லை. ஊரார் அதைக் கடைசி வரை மறக்கவும் இல்லை. அவருடைய வாழ்க்கையில் நான் குழம்பி நிற்கும் இடம் இதுதான்.

அந்தச் சமயத்தில் ஒரு குடியானவர் அவரிடம் வந்தார். தாம்பத்தியத்தில் நாட்டம் இருந்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று கூச்சத்துடன் சொன்னார். பிரிங்க்ளி முன்பு ஒரு இறைச்சிக் கம்பெனியில் டாக்டராக இருந்தவர். அங்கே பார்த்த ஆட்டுக் கிடாக்களின் சுறுசுறுப்பைப் பற்றி வேடிக்கையாகப் பேசினார். குடியானவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதையே தமக்கு வைத்துத் தைக்கும்படி கேட்டார். ஆபரேஷன் நடந்தது. பின்னர் குடியானவரின் மனைவி ஆண் குழந்தை பெற்றாள். குழந்தைக்கு பில்லி என்று பெயர். கிடா ஆட்டை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்! பிரிங்க்ளி தரப்பு நாடெங்கும் பரப்பிய கதை இது.

கதை பரவியதும் ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆபரேஷனுக்குக் கட்டணம் 750 டாலர். அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்குப் புது மோட்டார் வாங்கலாம். ஆஸ்பத்திரிப் பட்டியில் கிடாக்கள் நிற்கும். நோயாளி தமக்குப் பிடித்த கிடாவைத் தாமே பொறுக்கிக்கொள்ளலாம். டாக்டர் விதைப்பையைக் கீறி, ஆட்டு விதையின் துண்டை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்.

படித்தவர்கள்கூட இதை எப்படி நம்பினார்கள் என்று கேட்கத் தோன்றும். பாரிசில் 1889-ல், பிரவுன் செக்கார் என்ற 72 வயது விஞ்ஞானி, நாய், கினிப் பன்றி இவற்றின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, வாலிபம் திரும்பியதாக அறிவித்திருந்தார். 1920-ல் அதே பாரிசில் வோரோனாஃப் என்ற டாக்டர் குரங்கின் விதையை மனிதனுக்கு வைத்தார். பெரிய பெரிய சீமான்கள் அவரிடம் போனார்கள். குரங்குக்குக் காசில்லாதவன் ஆட்டிடம் வந்ததில் ஆச்சரியம் என்ன?

ஏன் பலிக்கவில்லை?

ஆட்டின் சதையை மனித உடம்பு ஏற்காது. அந்நியப் பொருள் என்று கண்டதும் அதைத் தாக்கி அழித்துவிடும். சில நாளில் அந்தத் துண்டு கரைந்துபோகும். இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்துச் செத்தவர்களும் உண்டு. குணம் கண்டதாகச் சொன்னவர்களைக் குணப்படுத்தியது நம்பிக்கை. மனக் கவலையால் வந்த குறை, கவலை நீங்கியதும் கொஞ்ச காலம் நீங்குவது உண்டு.

விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற பொருளை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது 1935-ல். அது குறைந்தவர்களுக்கு மட்டுமே அதனால் பயன். பெரும்பாலோருக்குக் கோளாறு இருப்பது ரத்தக் குழாயில். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, புகை பிடித்தல் ஆகியவை அந்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. இருதய வியாதி வரப்போவதற்கு இந்தக் குறையே முன்னறிவிப்பாக இருப்பதும் உண்டு. ரத்த ஓட்டத்தைக் கூட்டி வேலை செய்யும் சில்டெனாஃபில் மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 1998-ல். முதலில் அதை மார்வலிக்கு மருந்தாகத்தான் ஆராய்ந்தார்கள்! அதே மார்வலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும். டாக்டர் சோதித்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது அதனால்தான். இயற்கை மூலிகை என்று கடைகளில் விற்கும் பொட்டலங்கள் பலவற்றில் இதே மருந்து ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து இலாகா பல முறை கண்டுபிடித்திருக்கிறது.

வானொலியில் மருந்துச் சீட்டு

1922-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிரிங்க்ளி ரேடியோ நிலையம் ஒன்றைப் பார்த்தார். அதன் சக்தியை உடனே புரிந்துகொண்டார். மறு வருஷமே மில்ஃபோர்டில் சொந்த நிலையம் எழுந்தது. பாட்டு, பிரசங்கம், நடுநடுவே டாக்டரின் பேச்சு. தாங்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசியதை ரேடியோவில் ஒருவர் கூசாமல் பேசுவதைக் கேட்டு, விவசாயிகள் மயங்கினார்கள்.

பிறகு அவர் செய்த காரியம் ஆட்டையும் மிஞ்சியது. நேயர்கள் நோயை விவரித்துக் கடிதம் எழுதுவார்கள். டாக்டர் அதை ரேடியோவில் படித்து, நோயாளியின் முகத்தையே பார்க்காமல், இன்ன நம்பர் மருந்தை வாங்கிச் சாப்பிடு என்பார். நம்பர் போட்ட புட்டிகள் நூற்றுக்கணக்கான மருந்துக் கடைகளில் தயாராக இருக்கும். விலை பல மடங்கு. புட்டி ஒன்றுக்கு ஒரு டாலர் பிரிங்க்ளிக்குப் போகும். நோய் வேறாக இருந்து, உண்மையான டாக்டரிடம் போகத் தாமதித்தவர்களின் கதி என்ன என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

அமெரிக்க வைத்திய சங்கத்தின் பத்திரிகை ஆசிரியர் மாரிஸ் ஃபிஷ்பெயின் அவரை விடாமல் துரத்தினார். 1930-ல் கான்சாஸ் வைத்திய போர்டு விசாரணை நடத்தியது. பிரிங்க்ளி கையெழுத்திட்ட மரணச் சான்றுகள் 42 வெளிவந்தன. அவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நோயாளிகளே அல்ல! லைசென்ஸ் பறிபோனது. ரேடியோ நிலையத்தின் லைசென்சையும் புதுப்பிக்க அரசு மறுத்தது.

வேறொருவராக இருந்தால் ஒடுங்கியிருப்பார். பிரிங்க்ளியோ சில நாட்களுக்குள் கவர்னர் தேர்தலில் குதித்தார்! வாக்குச் சீட்டுகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன. வாக்காளர்கள் பெயரைக் கையால் எழுத வேண்டும். ஜே. ஆர். பிரிங்க்ளி என்று பிசகாமல் எழுதிய சீட்டு மட்டுமே செல்லும் என்று தேர்தலுக்குச் சற்று முன்பு அறிவித்தார்கள். அப்படியும் 1,83,278 வாக்குகள் விழுந்தன. ஜெயித்தவர் பெற்றது 2,17,171. தள்ளிய சீட்டுகள் பல்லாயிரம் என்பார்கள். 1932-லும் நின்று தோற்றார்.

அடுத்து டெக்சாஸ் எல்லையில் டெல் ரியோ என்ற ஊர். ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோ மண்ணில், அமெரிக்கச் சட்டம் எட்டாத இடத்தில், 1931-லேயே ராட்சத ரேடியோ நிலையம் அமைத்திருந்தார். 1935-ல் அதன் சக்தி 5 லட்சம் வாட். முள்வேலிக் கம்பியிலும் அதன் பாட்டுக் கேட்கிறது என்று ஜனங்கள் கதை கட்டினார்கள். மாளிகை, உல்லாசப் படகு, ஆகாய விமானம், எதற்கும் குறைவில்லை. ஆட்டை மெள்ள விட்டுவிட்டு ஊசிக்குத் திரும்பினார். சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்துக் குப்பிகள் ஆறு, நூறு டாலர். சோதித்தபோது அதில் இருந்தது நீலச் சாயமும் சிறிது அமிலமும் கலந்த நீர். கிரீன்வில் கடைச் சரக்குத்தான், விலைதான் ஏறியிருந்தது.

1938-ல் ஃபிஷ்பெயின் அவரைப் போலி வைத்தியர் என்று கட்டுரையில் எழுதினார். பிரிங்க்ளி சும்மா இருந்திருக்கலாம். மானநஷ்ட வழக்குப் போட்டார். 1939-ல் டெல் ரியோவில், அவருடைய சொந்த ஊர் ஜூரர்களே, கட்டுரை எழுதியது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். உடனே பழைய நோயாளிகளும் இறந்தவர்களின் உறவினர்களும் நஷ்டஈடு கேட்டு வரிசையாக வழக்குத் தொடுத்தார்கள். வருமான வரி இலாகாவும் வந்தது. 1941-ல் திவாலானார். அதே வருஷம் மெக்சிகோ அரசு ரேடியோவையும் மூடியது.

இருதயம் கெட்டது. ஒரு காலை எடுத்துவிட்டார்கள். தபால் மூலம் மோசடி செய்ததாகத் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே, 1942 மே 26-ந் தேதி சான் அன்டோனியோ நகரில் பிரிங்க்ளி இறந்தார். உடலை மின்னியின் ஊரான மெம்ஃபிசுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.