கும்பிடுபூச்சி வரிசையைக் கடலோரம் நெடுகக் கொண்டு சென்றவர்

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் அப்படியே தாவரவியல் பூங்கா வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். மரத்தடியில் சீன முதியவர்கள் தாய்ச்சி பழகிக்கொண்டிருப்பார்கள். மரத்தின் மேல் குரங்குகள் வேடிக்கை பார்க்கும். படிவம் நான்கில் படித்தபோது அங்கேதான் நான் கும்பிடுபூச்சிக் குங்ஃபூ கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். என் சிஃபுவுக்கு அப்போதே எழுபது வயதிருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மாண்டரின் தெரியாது. மலாயும் ஹொக்கியனும் கலந்த பினாங்குப் பேச்சில் எங்கள் பாடம் ஓடியது.

சிலம்பத்திலும் குத்துவரிசையிலும் நாம் ‘வரிசை’ என்கிறோமே, அதைச் சீனர்கள் ‘தாவ்லு’ என்கிறார்கள். அடி, தடுப்பு, காலடி, திருப்பம் எல்லாவற்றையும் மாறாத ஒழுங்கில் கோத்துவைத்த தொடர் அது. நான் முதலில் கற்றது ‘பெங் பூ’ என்ற வரிசை. எதிராளியின் கையைக் கும்பிடுபூச்சியின் முன்காலைப்போல் கொக்கியிட்டுப் பிடித்து, அவர் சுதாரிக்குமுன் உள்ளே புகுந்து அடுத்தடுத்து அடிப்பதுதான் அதன் சாரம். ஓராண்டு உழைத்து அதைத் தேற்றினேன்.

பிறகு வேறொரு கூடத்து ஆசிரியர் நான் செய்வதைப் பார்த்தார். மொத்தமும் தவறு என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டார். அவர் செய்துகாட்டிய பெங் பூ வேறாக இருந்தது. தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் திருப்பங்கள் மாறின, நிற்கும் நிலை மாறியது, நான் நிறுத்தும் இடத்தில் அவர் நிறுத்தவில்லை. ஓராண்டு உழைப்பு வீண் என்று எண்ணி இரண்டு வாரம் பூங்காப் பக்கமே போகவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பி என்னை வரவழைத்த சிஃபு திட்டவில்லை. லுவோ குவாங்யு என்பவரின் கதையைச் சொன்னார். பின்னாளில் நானும் தேடிப் படித்துச் சேர்த்துக்கொண்ட கதை இது.

லுவோ 1880களின் இறுதியில், சீனாவின் வடக்கே ஷாண்டோங் மாநிலக் கடற்கரையில் உள்ள பெங்லாய் வட்டாரத்தில் பிறந்தவர். கும்பிடுபூச்சிக் கலைக்குத் தாய்வீடு அந்த மாநிலம்தான். வாங் லாங் என்ற வீரர், ஒரு கும்பிடுபூச்சி தன்னைவிடப் பெரிய சிள்வண்டை மடக்கிப் பிடிப்பதைக் கண்டு, அதைப் பிடித்துவந்து வைக்கோல் துரும்பால் சீண்டிச் சீண்டி அதன் கைவித்தையைப் படித்தாராம். வேகமான காலடிக்குக் குரங்கைப் பார்த்தாராம். இது கர்ணபரம்பரைக் கதை, வரலாறு என்று சொல்லமுடியாது. ஆனால் ஷாண்டோங்கில் இக்கலை பல கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தது உண்மை. ஏழு நட்சத்திரம், பிளம் பூ, தாய்ச்சி, ஆறு இசைவு என்று கிளைகளுக்குப் பெயர்கள். ஏழு நட்சத்திரம் என்பது நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோமே, அதுதான்.

லுவோவின் ஆசிரியர் ஃபான் சூடோங், யந்தாய் துறைமுக நகரத்தில் வாழ்ந்த மலைபோன்ற உடம்புக்காரர். சீறிவந்த மாட்டைக் கையால் அடித்து வீழ்த்தினார் என்பதுபோன்ற கதைகள் அவரைப்பற்றி நிறைய உண்டு. எனக்கு அந்தக் கதைகளைவிட அவரிடம் இருந்த கையெழுத்துப் பிரதிதான் பெரிதாகப் படுகிறது. கலையின் கோட்பாடுகளை எழுத்தில் வைத்திருந்து மாணவர்களுக்கும் கொடுத்தவர் அவர்.

இங்கே கதைக்குள் சின் வூ வருகிறது. புரூஸ் லீயின் 1972ஆம் ஆண்டுப் படத்தையும் ஜெட் லீயின் 2006ஆம் ஆண்டுப் படத்தையும் பார்த்தவர்களுக்கு ஹுவோ யுவான்ஜியா என்ற பெயர் தெரிந்திருக்கும். அவர் பெயரால் 1910இல் ஷாங்காயில் தொடங்கப்பட்ட சங்கம் அது. தொடங்கிய சில மாதங்களிலேயே ஹுவோ இறந்துவிட்டார். ஆனால் சங்கம் சாகவில்லை. அதுவரை ஒரு குடும்பம், ஓர் ஆசிரியர், ஒரு கிராமம் என்று பூட்டிவைத்திருந்த கலைகளை அது ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. பெண்களையும் சேர்த்துக்கொண்டது. யாராக இருந்தாலும் முதலில் பத்து அடிப்படை வரிசைகளைக் கற்கவேண்டும், பிறகு விரும்பிய கலைக்குப் போகலாம் என்பது அங்கே முறை. 1920இல் அதன் தூதர்கள் தென்கிழக்காசியாவுக்கு வந்தார்கள். 1921இல் கோலாலம்பூரிலேயே சின் வூ உருவானது. இன்று அங்கே சின் வூ அரங்கைக் கடந்துபோகும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்!

1919இல் ஷாங்காய் சின் வூ, கும்பிடுபூச்சிக் கலையைக் கற்பிக்க ஃபானை அழைத்தது. வயதாகிவிட்ட ஃபான் தனக்குப் பதிலாக லுவோவை அனுப்பினார். முப்பதை ஒட்டிய வயதில் ஒரு வட்டாரக் கலைஞர், சீனாவின் மிகப்பெரிய நகரத்தில், தன்னூர்க்காரர் அல்லாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போனார். அதை அன்று எல்லா ஆசிரியர்களும் செய்துவிடமாட்டார்கள். வித்தையை வெளியாருக்குக் கொடுத்தால் நாளை அவனே எதிரே நிற்பான் என்ற அச்சம் நம்மூர் ஆசான்களுக்கும் இருந்ததுதானே.

ஷாங்காயில் ஆண்டுக்கணக்காகக் கற்பித்த லுவோ, 1930களின் தொடக்கத்தில் தெற்கே ஹாங்காங் போனார். அங்கேயும் சின் வூதான் களம். ஷாண்டோங் பேச்சும் கண்டோனிஸ் பேச்சும் ஒன்றுக்கொன்று புரியாதவை. தமிழும் தெலுங்கும்போல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆசிரியரின் பேச்சு மாணவர்களுக்கு எவ்வளவு புரிந்திருக்கும்? கண்ணால் பார்த்ததையும் உடம்பால் உணர்ந்ததையும் வைத்தே பெரும்பகுதியைப் பிடித்திருக்கவேண்டும். கொக்கியிடு, இழு, பற்று, புகு, ஒட்டு, சாய் என்பவைபோலப் பன்னிரண்டு சொற்களில் இக்கலையின் சூத்திரம் அடங்கிவிடும். வரிசை என்பது அந்தச் சொற்களை உடம்பால் எழுதிய வாக்கியம். பேச்சு புரியாத இடத்தில் வரிசையே பேசியது. பூங்காவில் எனக்கும் சிஃபுவுக்கும் இடையே நடந்ததும் அதுதான் என்பது, இதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

ஹாங்காங் மாணவர்களில் வோங் ஹொன் ஃபான் முக்கியமானவர். தான் கற்ற வரிசைகளை ஒவ்வொன்றாகப் படங்களோடு புத்தகங்களாக வெளியிட்டார். பெங் பூவும் அப்படித்தான் அச்சேறியது. லுவோ கடைசிக் காலத்தில் வடக்கே திரும்பி, 1944இல், போருக்கு நடுவே மறைந்தார். அவர் ஊரைவிட்டு வந்திருக்காவிட்டால் ஏழு நட்சத்திரக் கிளை ஷாண்டோங்கில் அழிந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே வேறு மாணவர்கள் இருந்தார்கள். ஆனால் ஹாங்காங்கும் அதன் வழியாக வெளியுலகமும் அதை அறிந்ததற்கு அவரே பெருங்காரணம்.

இனி என் பெங் பூவுக்கு வருகிறேன். என்னைத் திருத்தவந்தவர் கற்றது தாய்ச்சி–பிளம் பூக் கிளை. ஹாங்காங்கிலும் வியட்நாமிலும் கற்பித்த சியு சுக் காய் வழியாகப் பரவியது அது. பெங் பூ இரண்டு கிளைகளுக்கும் பொதுச் சொத்து. ஒரே வேர், இரண்டு மரம். இதில் எதைச் சரி என்பது? ஒப்பிட்டுப் பார்க்க சிஃபு எனக்கு ஒரு வழி சொன்னார். அசைவுகளை எண்ணாதே, ஒவ்வொரு அசைவும் எந்தத் தாக்குதலுக்குப் பதில் என்று கேள் என்றார். கேட்டுப் பார்த்தால் வேறுபட்ட பல இடங்களில் கேள்வி ஒன்றாகவும் பதில் மட்டும் வேறாகவும் இருந்தது. சில இடங்களில் அவர்களுடைய பதிலே மேல் என்று தோன்றியது. அதைச் சொன்னபோது சிஃபு சிரித்தார்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ஹக்கா மக்களிடையே வளர்ந்த தென்கும்பிடுபூச்சி என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு. நெருங்கி நின்று குறுகிய வீச்சில் அடிக்கும் கலை அது. அதில் போய்ப் பெங் பூவைத் தேடக்கூடாது.

இதையெல்லாம் எழுதும்போது என் தாத்தா நினைவு வருகிறது. தோட்டத்தில் சிலம்பம் சுற்றியவர். குத்துவரிசையும் தெரியும். யாருக்கும் முழுதாகக் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டால் காலம் வரட்டும் என்பார். காலம் வருமுன் அவர் போய்விட்டார். லுவோவின் கதையைக் கேட்ட அன்றிரவு, சிறுவயதில் ஒளிந்திருந்து பார்த்த அவருடைய வரிசையை நோட்டில் எழுதிவைக்க உட்கார்ந்தேன். அப்பாவும் தனக்கு நினைவிருந்த இரண்டு அடிகளைச் சொன்னார்.

இப்போதும் சனிக்கிழமை காலைகளில் பூங்காவுக்குப் போகிறேன். முதலில் லுவோ வழிப் பெங் பூ, அடுத்து மற்றக் கிளையின் பெங் பூ. கடைசியாகத் தாத்தாவின் வரிசை. ஏழாவது காலடியில் இடப்பக்கம் திரும்பவேண்டும் என்பது வரை தெரியும். அங்கே நின்றுவிடுவேன்.