உப்புக் கணக்கரும் ஊர் ஊராய்ப் போன நட்சத்திரங்களும்

ஜூன் மாதம் முடிந்து ஜூலை பிறக்கும்போது அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் பந்தைவிட வதந்தியே அதிகம் துள்ளும். எவருடைய ஒப்பந்தம் முடிகிறது, எவர் எந்த அணிக்குப் போவார் என்பதே அங்கு அன்றாடப் பேச்சு. 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச் என்னும் இளம் வீரரை டல்லஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்துவிட்டபோது, கூடைப்பந்தைக் கையால் தொட்டறியாதவர்களும் அதைப் பேசினர். அதே ஆண்டு நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியபோது நம் தேநீர்க் கடைகளும் அதே நிலைக்கு வந்தன. கலைஞனோ வீரனோ, திறமை உடையவன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இவற்றின் அடியில் கிடக்கிறது. இக்கேள்வியோடு வாழ்நாள் முழுதும் மல்லாடிய ஒருவர் நம் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவர். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்தாம் அவர்.

முத்தையாபுரத்தைக் கடந்து திருச்செந்தூர் சாலையில் செல்வோர் கண்ணில் படும் உப்புக் குவியல்களுக்கும் தமிழ் நாடகத்துக்கும் உறவு உண்டென்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1867இல் காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரனாரின் மகனாகப் பிறந்த சங்கரன், இளமையில் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தவர். தந்தையிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பிலக்கணமாக முதிர்ந்தது. வெண்பாவும் விருத்தமும் கைவந்த ஒருவருக்கு உப்பு மூட்டைக் கணக்கு எத்தனை நாள் சுவைக்கும்? ஏறத்தாழ இருபத்து நான்காம் வயதில் வேலையை உதறிவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார்.

ஆக, முதலில் தாவியவர் அவரே. நல்ல உயரமும் கனத்த குரலும் கொண்ட அவருக்கு இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் வாய்த்தன. எம வேடத்தில் அவரைக் கண்டு அஞ்சிய பெண்ணொருத்தியின் கரு கலைந்தது, சனீசுவர வேடத்தோடு அவரைக் கண்டு இன்னொருத்தி உயிரிழந்தாள் என்றெல்லாம் நாடக உலகில் வழிவழியாகக் கதைகள் உண்டு. கதையின் உண்மை எப்படியாயினும், வேடம் புனைவதை விட்டு அவர் ஆசிரியப் பணிக்கு வந்தது உண்மை. பின்னர் சாமி நாயுடு குழுவில் ஆசிரியராகவும் சூத்திரதாரராகவும் இருந்தார். இடையில் துறவு பூண்டு தலங்கள் தோறும் திரிந்தார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகன்போல் ஏற்று இசை நுட்பங்களைப் போதித்தார். மீண்டும் மேடைக்கு வந்தபின் வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவரையர் முதலியோரின் குழுக்களுக்கு நாடகம் எழுதினார். எங்கும் நிலைத்து நிற்காத மனிதர். குழுக்களும் அவரை மாறி மாறி அழைத்துக்கொண்டன.

இங்கேதான் வரலாறு சுவையான ஒரு திருப்பத்தை எடுக்கிறது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா என்று அவர் எழுதிக் குவித்த பனுவல்கள் எந்த ஒரு குழுவின் பூட்டிய பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை. பாடல்கள் நடிகர்களின் வாயில் ஏறி ஊர் ஊராகப் பயணம் செய்தன. விளைவாக, ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத நடிகர்களும் ஒரே மேடையில் விடியும்வரை நடிக்க முடிந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் தனித்தனியே வந்து இறங்குவர். ஒத்திகை கிடையாது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்தக் கேள்விக்கு எந்த விருத்தம் என்பது அனைவருக்கும் மனப்பாடம். ஸ்பெஷல் நாடகம் என்று நாம் அழைப்பது இதையே. ஒரு காண்டிராக்டர், ஓர் இரவு, அந்த இரவுக்கு மட்டுமான கூலி. மறுநாள் காலையில் எவரும் எவருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர்.

கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் உடன்பாட்டில் முடிந்த பிறகே, ஒப்பந்தம் முடிந்த வீரன் விரும்பிய அணிக்குப் போகும் வழி அமெரிக்காவில் திறக்கத் தொடங்கியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் ராஜபார்ட்டுகள், வழக்கு எதுவும் தொடுக்காமல், அச்சுதந்திரத்தை அனுபவித்துக்கொண்டிருந்தனர். எந்த ராஜபார்ட்டுக்கு எந்த ஸ்திரீபார்ட் ஜோடி என்பதே நோட்டீஸின் உயிர். நாடகத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததால் சனங்கள் பெயர்களுக்காகவே டிக்கெட் வாங்கினர்.

ஆனால் அச்சுதந்திரத்தை அதன் மூலவரே விரும்பவில்லை என்பதுதான் வேடிக்கை. புகழ் ஏறிய நடிகர்கள் பனுவலை மதிக்கவில்லை. எதிர்நடிகரை மடக்கும் ஆவலில் கதையை மறந்து மணிக்கணக்கில் தர்க்கம் செய்தனர். நேரத்துக்கு வருவதும் அவர்கள் விருப்பம்தான். ஆசிரியர் சொல் கேட்கும் வயதில் உள்ள பிள்ளைகளைக் கொண்டே நல்ல நாடகம் நடத்த முடியும் என்று சுவாமிகள் முடிவு செய்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை பிறந்தது. பின்னர் ஜெகந்நாத ஐயரின் பாலர் குழுவில் ஆசிரியரானார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்தது இங்கேதான். சிறுவன் சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் வியந்து பேசும் செய்தி.

பாலர் சபையை நான் புகழ்ந்து முடிக்க மாட்டேன். பெற்றோர் ஒப்புக்கொடுத்த பிள்ளை, குழு போகும் ஊருக்கெல்லாம் போக வேண்டும். அடியும் உதையும் பாடத்தின் பகுதி. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை கூட்டத்தைக் கட்டிப்போட்ட பையனுக்கு மதிப்பில்லை. குரல் நன்றாக இருக்கும்போதோ அடுத்த கம்பெனிக்காரர் கண்ணில் அவன் பட்டுவிடுவான். பெற்றோரிடம் பேசிக் கூடுதல் சம்பளம் காட்டி அழைத்துப்போவது அன்றைய நடைமுறை. ஆசிரியர் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்த பாட்டு, பையனோடு சேர்ந்து எதிர்க் குழுவின் வாசலில் இறங்கும்.

அப்படிப் போனவர்களில் தலையாயவர் செங்கோட்டை கிட்டப்பா. 1906இல் பிறந்த அவர் சிறுவயதில் சுவாமிகளின் பயிற்சியைப் பெற்றவர். பின்பு, காட்சி சோடனைக்குப் பேர்போன கன்னையா கம்பெனிக்குச் சென்று புகழின் உச்சி ஏறினார். அதன்பின் கே.பி. சுந்தரம்பாளோடு இணைந்து மேடையேறியபோது அந்த ஜோடிக்கு நிகராகத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேறு ஈர்ப்பு இல்லை. 1933இல், இருபத்தேழு வயதில், கிட்டப்பா மறைந்தார். அதற்கு வெகு முன்பே ஆசிரியர் போய்விட்டார்.

இன்றைய கால்பந்தில், ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரன் பெருந்தொகைக்குக் கைமாறினால், அத்தொகையில் 5 விழுக்காடு வரை அவனைச் சிறுவயதில் வளர்த்த சங்கங்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டுமென்பது உலக அமைப்பின் விதி. சங்கரதாசருக்கு அப்படி ஒரு காசும் வந்ததில்லை. அவர் கேட்டதாகவும் தெரியவில்லை. மணம் செய்துகொள்ளாத, துறவியாய் வாழ்ந்த மனிதருக்குப் பணம் பெரிதன்று என்று சொல்லி நாம் எளிதில் நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசிரியரின் எளிமை, பிறர் கடனைத் தள்ளுபடி செய்யும் ஆவணம் ஆகாது.

இறுதி ஆண்டுகளில் வாத நோய் அவரை வீழ்த்தியது. ஆயிரக்கணக்கான பாடல்களைச் சொல்லிக்கொடுத்த நா செயலிழந்தது. அந்நிலையிலும் குழுவோடே பயணம் செய்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். டி.கே.எஸ். சகோதரர்கள் பின்னர் சபையை விட்டுப் பிரிந்து 1925இல் சொந்தக் குழு கண்டனர். அவர்களும் தாவியவர்களே. ஆயினும் ஆசிரியரை மறவாமல், அவர் பெயரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தவர் அவர்களுள் ஒருவரான அவ்வை சண்முகம்தான்.

2019இல் நடிகர் சங்கத் தேர்தலில் போட்டியிட்ட அணி ஒன்று சுவாமி சங்கரதாஸ் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. திரை நட்சத்திரங்கள் எந்தப் பக்கம் என்று ஊடகங்கள் கணக்குப் பார்த்த அந்த நாள்களில், அப்பெயருக்கு உரியவர் யாரென்று விளக்க நேரம் ஒதுக்கியவர்கள் மிகச் சிலரே.

தென் மாவட்டக் கோயில் கொடைகளில் வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடக்கிறது. முன்பணம் கொடுத்து, தேதி குறித்து, நோட்டீஸில் பெயரும் ஊரும் படமும் போடுகிறார்கள். நடிகர்கள் தனித்தனியே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். பாடுவது சுவாமிகளின் பாட்டு. விழாக் காலம் முடிந்து தேதிகள் காலியாகும் மாதங்களில் அவர்களுக்குக் குழுவும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை.