வேதநாயக சாஸ்திரியார்

தமிழ்நாட்டில் வழிபாடும் இசையும் உடன்பிறந்தவை. நாயன்மார்களும் ஆழ்வார்களும் பாட்டினாலேயே மக்கள் உள்ளத்தை இறைவன்பால் திருப்பினர். திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் சந்தம் நிறைந்த திருப்புகழால் முருகனை ஏத்தினார். இம்மரபினை ஒட்டிக் கிறித்தவ ஆலயத்தினுள் தமிழிசை முழங்கச் செய்த பெரியார் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ஆவார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து புதினம் எழுதிய வேதநாயகம் பிள்ளை இவருக்குப் பிற்காலத்தவர், வேறொருவர்.

பிறப்பும் கல்வியும்

வேதநாயகம் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். இவர்தம் தந்தையார் அருணாசலம் பிள்ளை, அண்ணாமலையின் பெயரையே தம் பெயராகக் கொண்ட சைவ வேளாளர். தமிழ்ப் புலமை வாய்ந்தவர். அவர் கிறித்தவ சமயத்தைத் தழுவியபின் தேவசகாயம் என்னும் பெயர் பெற்றார். தந்தையின் புலமை மைந்தனிடத்தும் இளமையிலேயே முளைத்தது.

செர்மானிய நாட்டிலிருந்து வந்து தஞ்சையில் தொண்டு புரிந்த சுவார்ட்ஸ் பாதிரியார், 1785-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்தார். சிறுவனின் கூர்த்த அறிவைக் கண்டு மகிழ்ந்த அவர், பெற்றோரின் இசைவு பெற்று அவனைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று மகனைப் போல வளர்த்தார். பின்னர்த் தரங்கம்பாடிக்குச் சென்ற வேதநாயகம், அங்கிருந்த குருமார்களிடம் இறைநூலோடு வானநூல், கணிதம், உடற்கூற்று நூல் முதலியவற்றையும் கற்றுத் தேர்ந்தார். தஞ்சைக்கு மீண்டபின், உபதேசியார்களைப் பயிற்றும் பள்ளியின் தலைமையாசிரியராக அமர்ந்தார்.

தஞ்சை இளவரசர் சரபோசியும் சுவார்ட்ஸ் பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்தவரே. ஆகவே, பின்னாளில் மன்னராக விளங்கியவரும் பின்னாளில் புலவராக விளங்கியவரும் ஓராசான் மாணவர் ஆயினர். 1798-ஆம் ஆண்டில் பாதிரியார் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோசி அரியணை ஏறினார்.

ஆலயத்தில் தமிழிசை

அக்காலத் தஞ்சை நாடு இசையின் கருவூலமாகத் திகழ்ந்தது. சியாமா சாஸ்திரிகள், தியாகராசர், முத்துசாமி தீட்சிதர் ஆகிய மூவரும் வாழ்ந்த காலம் அது. ஆனால், கிறித்தவ ஆலயத்தில் ஒலித்த இசையோ வேறு வகையது. 1706-ஆம் ஆண்டில் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்த காலந்தொட்டு, செர்மானியப் பாடல்களைத் தமிழில் பெயர்த்து, அந்நாட்டு மெட்டிலேயே பாடி வந்தனர். மெட்டு நீண்ட இடத்தில் தமிழ்ச்சொல்லில் குறில் நின்றது. மெட்டு குறுகிய இடத்தில் நெடில் வந்து இடர்ப்பட்டது. சொல் தமிழாயினும் ஓசை தமிழாக இல்லை.

இக்குறையினைச் சாஸ்திரியார் போக்கினார். பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகள் அமைய, இராகமும் தாளமும் பொருந்த, அவர் கீர்த்தனைகள் இயற்றினார். தலைவர் ஓரடியைப் பாட, சபையார் அதனை ஏற்றுப் பாடுவதற்கு அவை எளியவாக இருந்தன. ஏடறியாத உழவரும் கேட்ட அளவில் கற்றுக்கொண்டனர். ஏற்றம் இறைப்போர் பாட்டு, கும்மி முதலிய மக்கள் இசைவடிவங்களையும் அவர் கையாண்டார். தாமே பாடி, தாமே பொருள் விரித்து, ஊர்தோறும் மக்களை மகிழ்வித்தார்.

1800-ஆம் ஆண்டில் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி அவர்தம் நூல்களுள் தலையாயது. தலைவி தலைவனை நினைந்து உருகுவதும் குறத்தி குறி சொல்வதும் குறவஞ்சியின் மரபு. அம்மரபு பிறழாமல், இறைவனை நாடும் சபையைத் தேவமோகினி என்னும் தலைவியாக அவர் படைத்தார். தாம் கற்ற வானநூற் செய்திகளையும் உலகின் பல நாட்டுச் செய்திகளையும் அந்நூலில் பாட்டாக அமைத்தார்.

வந்த இடுக்கண்

1820-ஆம் ஆண்டை அடுத்துத் தஞ்சைக்கு வந்த இளைய குருமார் சிலர் பழைய வழக்கங்களை மாற்ற முற்பட்டனர். ஆலயத்தில் தமிழிசை கூடாது என்றும், மணத்திலும் விழாவிலும் பூவணி கூடாது என்றும் விலக்கினர். வேதநூலின் பழைய மொழிபெயர்ப்பையும் மாற்ற முனைந்தனர். சாஸ்திரியார் இவற்றை எதிர்த்து விண்ணப்பங்கள் பல எழுதினார். ஆலயத்தில் சாதிக்கோர் இடமாகப் பிரிந்து அமரும் வழக்கத்தையும் அவர் அவ்விண்ணப்பங்களில் காக்க முயன்றார். அது அவரிடத்தே இருந்த குறையாகும்; அவ்வேற்றுமையை ஒழிக்க எண்ணிய குருமாரின் நோக்கமே நேரியது. எனினும், தம் மக்கள் தம் இசையால் இறைவனைப் பாடும் உரிமை வேண்டும் என்று அவர் வாதாடியது முற்றும் தக்கதேயாம்.

1829-ஆம் ஆண்டில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. வருவாய் நின்றது, ஆயினும் பாட்டு நிற்கவில்லை.

மன்னரின் நட்பு

அந்நிலையில் உடன்கற்ற மன்னர் கைகொடுத்தார். சரபோசி அவரைத் தம் அரசவைப் புலவராக்கி உதவித்தொகை அளித்தார். தம் குலதெய்வ வழிபாட்டினைச் சேர்த்து ஒரு நூல் பாடுமாறு மன்னர் வேண்டியதாகவும், தம் நம்பிக்கைக்கு மாறாகப் பாட இயலாமையைப் புலவர் பணிவுடன் தெரிவித்ததாகவும் வழிவழியாகக் கூறுவர். சமயம் வேறாயினும் நட்பு குன்றவில்லை. புலவரின் உறுதியும் மன்னரின் பெருந்தன்மையும் போற்றத்தக்கன. 1832-ஆம் ஆண்டில் சரபோசி மறைந்தபோது, சாஸ்திரியார் ஓர் உற்ற நண்பரை இழந்தார்.

காலத்தின் தீர்ப்பு

எந்த இசையை விலக்கினரோ, அந்த இசையைத் தேடி மேனாட்டுக் குருவே வரும் காலம் வந்தது. மதுரையில் அமெரிக்க மிஷனில் தொண்டாற்றிய வெப் என்பார், சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் திரட்டி 1853-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதன்பின் அக்கீர்த்தனைகள் தமிழ் வழங்கும் ஊர்களின் ஆலயங்களிலெல்லாம் பரவின. அப்போது சாஸ்திரியார் எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

அவர் 1864-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் தஞ்சையில் இயற்கை எய்தினார். அவர்தம் மரபினர் தலைமுறை தலைமுறையாக அப்பாடல்களைப் பாடிக் காத்து வந்தனர். பதவியைப் பறிக்கலாம், மக்கள் நாவில் ஏறிய பாட்டைப் பறிக்க எவராலும் இயலாது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.