வேலை கொடுக்கும் வாக்குறுதி, பணக்காரர்களின் நன்கொடை: காங்கிரஸ் தலைவர் காமராஜர் சந்தித்த சிக்கல் என்ன?

தேர்தல் வந்தாலே ரெண்டு விஷயம் கட்டாயம் காதில் விழும். ஒன்று, இத்தனை லட்சம் பேருக்கு வேலை தருவோம் என்ற வாக்குறுதி. இன்னொன்று, அந்தக் கட்சிக்கு இந்த முதலாளி இவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சு. முதல் விஷயத்தை மேடையில் மைக் போட்டுச் சொல்வார்கள். ரெண்டாவது, மூடிய கதவுக்குள் நடக்கும். ஏழைகளிடம் வேலை தருவதாகச் சொல்லி ஓட்டு கேட்கும் கட்சி, பணக்காரர்களிடம் போய் தேர்தல் நிதி வாங்கினால் கடைசியில் யார் பேச்சைக் கேட்கும்?

இது இன்றைக்குப் புதிதாக முளைத்த கேள்வி இல்லை. 60 வருஷத்துக்கு முன்பே, நம்ம விருதுநகர்க்காரர் ஒருவர் இந்திய அளவில் கட்சியின் தலைவராக உட்கார்ந்து சந்தித்த கேள்வி. அவர்தான் காமராஜர்.

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, தாயில்பட்டி என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும் காமராஜர் பேச்சு வராமல் இருக்காது. பள்ளிக்கூடம் திறந்தார், சோறு போட்டார், அணை கட்டினார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கட்சியை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது, அந்தப் பணம் அவருக்கு என்ன விலை வைத்தது என்பது அதிகம் பேசப்படாத பக்கம்.

பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்

1903 ஜூலை 15-ம் தேதி அன்றைய விருதுப்பட்டியில் குமாரசாமி நாடார், சிவகாமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர் காமராஜர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். குடும்பம் தடுமாறியது. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்து, மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார்.

அவர் படித்த சத்திரிய வித்யாசாலா பள்ளி அரசாங்கப் பணத்தில் நடந்த பள்ளி இல்லை. வியாபாரிகள் தங்கள் வரவில் ஒரு பங்கை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்குவார்கள். அதற்குப் பெயர் மகமை. வீடுகளில் சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து விற்ற காசும் பள்ளிக்குப் போகும்.

அதாவது, நன்கொடை என்ற விஷயத்தை காமராஜர் முதலில் பார்த்தது இப்படித்தான். கொடுப்பவர் யார், எவ்வளவு கொடுத்தார், அது எதற்குப் போனது என்று ஊருக்கே தெரியும். பிடி அரிசி கொடுத்த வீட்டுக்காரர் தனியாக எந்தச் சலுகையும் கேட்க முடியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

3 ஓட்டில் கிடைத்த தலைவர் பதவி

ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு காங்கிரஸுக்குள் வந்தவர், 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் சேர்ந்து சிறைக்குப் போனார். வாழ்நாளில் சுமார் 9 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. 1937-ல் சாத்தூர் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போட்டியின்றித் தேர்வானார்.

1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல். ராஜாஜி ஆதரவு பெற்ற சி.பி. சுப்பையாவை வெறும் 3 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதன் பிறகு 1954-ல் முதலமைச்சர் ஆகும் வரை கட்சி பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் கட்சிக்குப் பணம் எப்படி வரும்? பொதுக்கூட்டத்தில் பணமுடிப்பு வழங்குவார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள், மில் அதிபர்கள், பஸ் முதலாளிகள், மிராசுதாரர்கள் கொடுப்பார்கள். சாதாரணத் தொண்டரின் உறுப்பினர் சந்தாவும் உண்டு. ஆனால் தேர்தல் செலவைத் தாங்கக்கூடியது அது இல்லை.

வேலைவாய்ப்புக்கு காமராஜர் என்ன செய்தார்?

1954 ஏப்ரல் 13-ம் தேதி முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம்தான் இலக்கு என்று தீர்மானம் போட்டார்கள். உற்பத்தியையும் வேலைவாய்ப்பையும் பெருக்குவது அந்த இலக்கின் மையம்.

தமிழ்நாட்டில் அது வெறும் தீர்மானத்தோடு நிற்கவில்லை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-ல் உருவானது. 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை. திருச்சியில் பெல், ஆவடியில் டாங்க் தொழிற்சாலை, ஊட்டியில் ஃபிலிம் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. தொழில் அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

வேலைக்கு முன்னால் படிப்பு வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதுவும் ஆரம்பத்தில் ஊர் மக்களின் நன்கொடையோடு நடந்த திட்டம்தான். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று ஊர்க்காரர்களே வாங்கிக் கொடுத்தார்கள். விருதுநகர் பிடி அரிசி மாநிலம் முழுக்கப் பரவியது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, எல்லாருக்கும் வேலை கிடைத்ததா? இல்லை. மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் (1961-66) கணக்கையே பாருங்கள். புதிதாக வேலை தேடி வருபவர்கள் 1 கோடியே 70 லட்சம் பேர். திட்டம் உருவாக்க நினைத்த வேலைகள் 1 கோடியே 40 லட்சம். அதாவது, திட்டம் நூற்றுக்கு நூறு ஜெயித்தாலும் 30 லட்சம் பேர் வேலை இல்லாமல் நிற்பார்கள். ஏற்கனவே வேலை இல்லாமல் இருந்தவர்கள் தனி.

சொந்த மண்ணின் கதை இன்னும் விசித்திரம். பெரிய அரசு ஆலைகள் சென்னை, திருச்சி, நெய்வேலி பக்கம் போயின. சிவகாசி வட்டாரத்துக்குச் சோறு போட்டது தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததில் தொடங்கிய தனியார் தொழில் அது. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970-ல் வந்தபோது ஆட்சியில் இருந்தது திமுக.

டெல்லிக்குப் போன தலைவர்

1963 அக்டோபர் 2-ம் தேதி முதலமைச்சர் பதவியை விட்டார். மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்ற காமராஜர் திட்டம் இதுதான். 1964 ஜனவரியில் புவனேஸ்வரம் மாநாட்டில் அகில இந்திய காங்கிரஸ் தலைவராகப் பொறுப்பேற்றார். ஜனநாயக சோஷலிசம்தான் பாதை என்று அந்த மாநாடு மறுபடி உறுதி சொன்னது. அதே ஆண்டு மே 27-ம் தேதி நேரு மறைந்தார். சாஸ்திரி, அவருக்குப் பிறகு இந்திரா என்று 2 பிரதமர்கள் வர காமராஜர் காரணமாக இருந்தார்.

வெளியே சோஷலிசம். உள்ளே? கட்சியின் தேர்தல் நிதியில் பெரும்பகுதி பெரிய தொழில் நிறுவனங்களிடமிருந்து வந்தது. சிண்டிகேட் என்று அழைக்கப்பட்ட மூத்த தலைவர்கள் குழுவில் காமராஜரும் இருந்தார். அந்தக் குழுவில் பம்பாயின் எஸ்.கே. பாட்டீலும் கல்கத்தாவின் அதுல்ய கோஷும் தொழிலதிபர்களிடம் நிதி திரட்டுவதில் பேர்போனவர்கள்.

கம்பெனிகள் கட்சிக்குப் பணம் கொடுக்கலாமா?

இதுபற்றிய விவாதம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1957-ல் டாடா இரும்பு எஃகு நிறுவனம், கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் விதிகளை மாற்ற நினைத்தது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் இது ஜனநாயகத்துக்கு ஆபத்தாக முடியலாம் என்று தலைமை நீதிபதி சாக்ளா எச்சரித்தார்.

1960-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உச்சவரம்பு வைத்தார்கள். சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதம் அல்லது 25,000 ரூபாய், இதில் எது அதிகமோ அதுவரை கொடுக்கலாம். கொடுத்ததைக் கணக்கில் காட்ட வேண்டும்.

1964-ல், அதாவது காமராஜர் கட்சித் தலைவரான அதே ஆண்டில், ஊழல் தடுப்புக்காக அமைக்கப்பட்ட கே. சந்தானம் குழு அறிக்கை கொடுத்தது. கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதை முழுசாகத் தடை செய்யலாம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. உடனே யாரும் தடை செய்யவில்லை.

ஏன் இது முக்கியம்? அந்தக் காலத்தில் ஒரு ஆலை தொடங்கவோ விரிவாக்கவோ டெல்லியின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கொடுப்பது அரசு. அரசை நடத்துவது காங்கிரஸ். காங்கிரஸுக்குத் தேர்தல் நிதி கொடுப்பது லைசென்ஸ் கேட்கும் அதே முதலாளி. ராஜாஜி 1959-ல் சுதந்திரா கட்சி தொடங்கி, லைசென்ஸ்-பெர்மிட் ராஜ் என்று தாக்கியது இந்த வட்டத்தைத்தான். ஆனால் சுதந்திரா கட்சியும் தொழிலதிபர்களின் பணத்தை வாங்கிய கட்சிதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1967: பணம் இருந்தும் தோற்ற தேர்தல்

1967 தேர்தல் வந்தது. அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம் என்று எல்லாமே காங்கிரஸுக்கு எதிராகத் திரும்பியிருந்தன. காங்கிரஸ் பணக்காரர்களின் கட்சியாகிவிட்டது என்ற திமுக பிரசாரம் ஊர் ஊராக எடுபட்டது. மில் அதிபர்களும் பஸ் முதலாளிகளும் காங்கிரஸ் பக்கம் நின்றது அந்தப் பிரசாரத்துக்குக் கையில் கிடைத்த சாட்சி ஆனது.

இன்னொரு பக்கம் திமுக 10 லட்சம் ரூபாய் தேர்தல் நிதி இலக்கு வைத்து ஊர் ஊராகத் திரட்டியது. கருணாநிதி 11 லட்சம் திரட்டிக் கொடுத்தார். விருகம்பாக்கம் மாநாட்டில் அண்ணா அவரை அந்தத் தொகையையே பெயராகச் சொல்லி வேட்பாளராக அறிவித்தது தமிழக அரசியலில் இன்றும் பேசப்படும் சம்பவம்.

ரிசல்ட்? சொந்த ஊரான விருதுநகரில், திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். பம்பாயில் எஸ்.கே. பாட்டீல் தோற்றார். வங்கத்தில் அதுல்ய கோஷும் தோற்றார். நிதி திரட்டுவதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்களையும் அந்த நிதி காப்பாற்றவில்லை.

தோல்விக்குப் பணம் மட்டுமே காரணம் இல்லை. ஆனால் ஏழைக்காக உழைத்த தலைவர் என்ற பெயரும், பணக்காரர்கள் நிழலில் நிற்கும் கட்சி என்ற பெயரும் ஒரே மேடையில் ரொம்ப நாள் நிற்க முடியாது என்பதை அந்தத் தேர்தல் காட்டியது.

அதன் பிறகு என்ன ஆனது?

1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்து காமராஜர் நாடாளுமன்றம் போனார். அதே ஆண்டு காங்கிரஸ் உடைந்தது. சிண்டிகேட்டைப் பணக்காரர்களின் ஆட்களாகக் காட்டித்தான் இந்திரா அரசியல் செய்தார். கம்பெனி நன்கொடைக்குத் தடை வந்ததும் 1969-ல்தான். ஆனால் தேர்தல் செலவு குறையவில்லை. கணக்கில் வந்த பணம் கணக்கில் வராத பணமாக மாறியதுதான் மிச்சம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 1985-ல் தடை நீங்கியது. 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுப்பவர் பெயரை மறைத்த அந்தத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2024 பிப்ரவரி 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

காமராஜர் 1975 அக்டோபர் 2-ம் தேதி மறைந்தார். கட்சிக்காக எவ்வளவோ பணம் அவர் கண்முன்னே புழங்கியும், சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் அவர் இருந்தது வாடகை வீடு. சொந்தமாகச் சொத்து சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது.

இன்றைக்கு ஏன் இதைப் பேச வேண்டும்?

தலைவர் கை சுத்தமாக இருந்தால் போதும், கட்சிக்குப் பணம் எப்படி வந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு காமராஜர் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது. அவர் கை சுத்தம்தான். ஆனாலும் கட்சியின் பணம் வந்த வழி, கட்சியின் மீதான நம்பிக்கையை அரித்தது.

வேலை விஷயத்திலும் அப்படித்தான். தாயில்பட்டி வட்டாரத்தில் இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டாசை நம்பித்தான் இருக்கின்றன. 2012-ல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. இங்கே ஓட்டு கேட்டு வருபவர்களிடம் எத்தனை வேலை என்று மட்டும் கேட்டால் பத்தாது. எப்படிப்பட்ட வேலை, சாயங்காலம் உயிரோடு வீடு திரும்ப முடியுமா என்றும் கேட்க வேண்டும். அந்தப் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டிய கட்சி, தேர்தலுக்கு யாரிடம் பணம் வாங்குகிறது என்பது அதனால்தான் வாக்காளருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

விருதுப்பட்டி பிடி அரிசிக்குக் கணக்கு இருந்தது. கொடுத்தவரும் தெரியும், போய்ச் சேர்ந்த இடமும் தெரியும். கட்சிகளுக்குப் போகும் கோடிகளுக்கு அந்த அளவு கணக்கைத்தான் நாடு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.