இடாத கையெழுத்து

போர் என்றவுடன் பீரங்கிகளும் படைத்தலைவர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். துப்பாக்கியைத் தொடவே மறுத்த ஒருவர், ஒரு மலைக்கிராமத்தோடு சேர்ந்து கொடுங்கோன்மையை எதிர்த்து நின்ற வரலாற்றைப் படித்து வியந்தேன். அவர்தாம் ஆந்த்ரே த்ரோக்மே.

1901-ஆம் ஆண்டு வட பிரான்சின் சான் காந்தேன் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் அந்நகர் ஜெர்மானியர் வசமாயிற்று. ஆயுதம் ஏந்த மறுத்த ஒரு ஜெர்மானியச் சிப்பாயின் பழக்கம் அப்போது அவருக்குக் கிட்டியது. பகைவர் படையிலும் இப்படியொரு மனிதரா! அவ்வியப்பு அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

1934-இல் மனைவி மக்தாவுடன் லெ ஷாம்போன் என்னும் சிற்றூருக்குப் புரொட்டஸ்டண்டுப் போதகராக வந்தார். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் ஊர் அது. மதத்தின் பெயரால் மன்னர்கள் வேட்டையாடிய மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்ந்தனர். 1938-இல் தெய்ஸ் என்னும் போதகருடன் சேர்ந்து ஒரு பள்ளியும் தொடங்கினார்.

1940-இல் பிரான்சு வீழ்ந்தது. நாஜிகளுக்கு அஞ்சி யூதர்கள் ஓடிவந்தனர். மக்தா கதவைத் திறந்தார். ஊரே கதவைத் திறந்தது. பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. போலி அடையாள அட்டைகள் தயாராயின. காவலர் வருவதறிந்தால் அகதிகள் காட்டுக்குள் மறைவர். 1942 ஆகஸ்டில் காவலர் பேருந்துகளுடன் வந்து யூதர்களின் பட்டியலைக் கேட்டனர். த்ரோக்மே தர மறுத்தார். பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின.

1943 பிப்ரவரியில் த்ரோக்மேயைக் கைது செய்தனர். அரசின் ஆணைக்குப் பணிவதாகக் கையெழுத்திட்டால் விடுதலை என்றனர். அவர் மறுத்தார், சில வாரங்களில் அரசே அவரை விடுவித்தது. ஆனால் தியாகம் விலையின்றி முடியவில்லை. மாணவர் விடுதியைக் காத்துவந்த அவர் உறவினர் தானியேல், அவ்வாண்டு ஜூனில் பிடிபட்டு, 1944-இல் மைதானெக் வதைமுகாமில் மாண்டார். த்ரோக்மேயும் பல மாதங்கள் தலைமறைவாக வாழ்ந்தார்.

1971-இல் அவர் மறைந்தார். அவ்வாண்டே இஸ்ரேலின் யாத் வஷேம் அமைப்பு அவரைச் சிறப்பித்தது. 1990-இல் அவ்வட்டார மக்கள் அனைவரையும் சிறப்பித்தது.

நண்பர்களே! கைநாட்டு வைக்கும் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கையெழுத்துப் போடக் கற்றதையே பெருமையாக எண்ணியிருந்தேன். போடக்கூடாத கையெழுத்தும் ஒன்று உண்டு என்பதை இம்மனிதரிடம் கற்றுக்கொண்டேன்.