கஜானாவைக் காத்தவர் கடன் சிறையில்

லிவர்பூலில் 1734-ல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்ற ராபர்ட் மோரிஸ், பிலடெல்பியாவில் கப்பல் வணிகத்தால் பெருஞ்செல்வரானார். அவரது நிறுவனம் அடிமை வாணிபத்திலும் ஈடுபட்டது. சுதந்திரப் பிரகடனம், கூட்டமைப்பு விதிகள், அரசியல் சட்டம் ஆகிய மூன்றிலும் கையெழுத்திட்ட இருவரில் இவர் ஒருவர்.

1781-ல் நிதிப் பொறுப்பை ஏற்றபோது அரசின் கஜானா காலியாக இருந்தது. தமது சொந்தப் பெயரில் கடன் பத்திரங்களை வெளியிட்டு, யார்க்டவுன் நோக்கிச் சென்ற வாஷிங்டனின் படைக்கு உதவினார்.

1789 முதல் 1795 வரை செனட் உறுப்பினராக இருந்தார். கடன் வாங்கி லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் குவித்தார். அவை எதிர்பார்த்தபடி விற்காததால், சுமார் 30 லட்சம் டாலர் கடனில் மூழ்கி, 1798-ல் சிறை புகுந்தார்.

நாடாளுமன்றம் 1800-ல் இயற்றிய திவால் சட்டத்தின் பயனாக 1801-ல் விடுதலையானார். மனைவிக்குக் கிடைத்த ஆண்டுத்தொகையை நம்பி வாழ்ந்த மோரிஸ், 1806-ல் காலமானார்.